முப்பத்தொரு பேருக்கு ஒரே பெட்டி

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒரு மணி இருபது நிமிடம். காலைத் திருப்பலியின்போது பிடித்த மழை விடவே இல்லை. தேவாலயத்தின் பின்பக்கத் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் திரைபோல விழுந்துகொண்டிருந்தது. நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கணினிக் கோப்புகளை நகலெடுக்கும் தம்ப் டிரைவ் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி வைத்திருந்தேன். காலையில் ரயிலில் மார்சிலிங்கிலிருந்து நியூட்டன் வரை பதின்மூன்று நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் தொட்டுப் பார்த்திருந்தேன். திருப்பலியில் முழங்காலிட்டபோதெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

முதல் நாள் ஜாலான் புசாரில் ஒரு கணினிக் கடையில் வாங்கியது. “வாழ்நாள் உத்தரவாதம், அங்கிள்” என்றார் கடைக்காரர். யாருடைய வாழ்நாள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பில்லை நீட்டினார். எனக்கு எழுபத்து நான்கு வயது. கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்று இரவுகளாக எனக்குச் சரியான தூக்கமில்லை. கவலை பாதி, உற்சாகம் பாதி. இரண்டு மாதமாக நான் மனத்துக்குள் நடத்திப் பார்த்த வேலையை அன்று கையால் செய்யப் போகிறேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. பங்கு மக்கள் யாரோ கொடுத்த இரண்டு பழைய கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு கேரம் பலகை, ஓரத்தில் டீ கலக்கும் மேசை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்ய இந்த நாட்டுக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். பாதிப் பேர் கிராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளான டாமிட்டரிகளிலிருந்து வருபவர்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வேலையில் இருந்த காலத்தில் நான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணும் குமாஸ்தா. கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எண்ணத் தெரிந்தவன் எதையாவது பார்த்துக்கொள்வான் என்று ஃபாதர் நினைத்திருக்கலாம்.

எல்லாரிடமும் கைபேசி இருக்கும்போது கணினி எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். ஊரில் கைபேசிக் கடைக்காரன் ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டுக் கொடுத்திருப்பான். அதன் கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். கைபேசியை மாற்றினால் முகவரி போய்விடும். இங்கே வேலைக்கு மனுப் போட்டால் முதல் கேள்வியே மின்னஞ்சல் என்னவென்பது. அதனால் எல்லாரும் எங்கள் அறையின் பொது முகவரியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே முகவரி, ஒரே பெட்டி, முப்பத்தொரு பேர்.

எவருக்கு வந்தாலும் எல்லாரும் படிப்பார்கள். ஒருவருக்கு ஊரில் பெண் பார்த்து அனுப்பிய படத்தைப் பதினான்கு பேர் பார்த்து, அதில் ஒன்பது பேர் அபிப்பிராயமும் சொல்லிவிட்டார்கள். சம்பளச் சீட்டால் ஒரு முறை கைகலப்பு வரைக்கும் போனது. ஜூலையில் நான் பெட்டிக்குள் ஆளுக்கொரு கோப்புறை திறந்து, யார் பெயருக்குக் கடிதம் வருகிறதோ அவர் கோப்புறையில் அதுவாகவே போய் விழும்படி கணினிக்கு விதி எழுதி வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டு இல்லாத இழுப்பறைகள்தானே அவை? யார் வேண்டுமானாலும் யாருடையதையும் திறக்கலாம்.

அக்டோபரில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தேவாலய அலுவலகம் எடுத்திருந்த இணையத் திட்டத்தில் ஐம்பது அஞ்சல் பெட்டிகள் வரை கூடுதல் கட்டணமில்லை. அலுவலகம் பயன்படுத்தியது மூன்று. நாற்பத்தேழு பெட்டிகள் சும்மா கிடந்தன! அன்றைக்கே ஃபாதரிடம் ஓடினேன். இனி ஆளுக்கொரு முகவரி, ஆளுக்கொரு பெட்டி, கணினிக்குள் ஆளுக்கொரு நுழைவு. தன் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லைத் தட்டினால் தன் அஞ்சல் மட்டும் தெரியும். ஃபாதர், “கிறிஸ்துமசுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலத்துல ஆரம்பிங்க, நல்ல நேரம்தான்” என்றார்.

அந்த டிசம்பர் ஞாயிறன்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் எங்கள் பிள்ளைகளில் ஒருவரான வெல்டர் உள்ளே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முப்பது வயது இருக்கும். கிராஞ்சி டாமிட்டரியிலிருந்து வருபவர். குழாய் வெல்டிங் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறிய கெட்டிக்காரர்.

“சார், நீங்க கைய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம். எனக்கு மெயில் வந்துருக்கான்னு பாத்துருங்க.”

“போன வாரமே பார்த்தோமே, தம்பி.”

“நேத்து மத்தியானம் புது வேல ஆபீசுக்குப் போன் போட்டேன் சார். ரெண்டு வாட்டி அனுப்பியாச்சாம். திங்கக்கிழம காலைல பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். இல்லன்னா வேற ஆளுன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.”

அவர் இருந்த நிறுவனத்தில் வேலை முடிந்துவிட்டது. வியாழக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் புதிய வேலை ஒரு பட்டறையில் குழாய் வெல்டர் வேலை. அந்தக் கடிதம் கிடைத்தால் இங்கேயே மாறிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய், மறுபடி ஏஜென்டைப் பிடித்து, பழையபடி சாதாரண வெல்டராக முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேறிய தேர்வு வெறும் காகிதமாகிவிடும்.

அவர் கோப்புறையைத் திறந்தேன். பதினொரு கடிதங்கள்; எல்லாம் பழையவை. அவர் பெயரைப் போட்டுப் பெட்டி முழுவதும் தேடினேன். அதே பதினொன்று. பட்டறையின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. பிறகு என் கண் திரையின் கீழ்மூலைக்குப் போனது. பெட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிறைந்திருந்தது.

இடமில்லை என்று கடிதம் திரும்பிப் போயிருக்குமோ? அப்படியானால் திங்கள் காலையில் அவர்கள் மூன்றாவது முறை அனுப்பினாலும் திரும்பித்தான் போகும். இன்றே பிரித்து இடம் உண்டாக்கியாக வேண்டும். ஆனால் பிரிக்கும்போது ஏதாவது தொலைந்தால்?

டீ மேசையில் இருந்தவர், பங்கே அக்கா என்று கூப்பிடும் பெண்மணி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்து, பேச்சில் இந்த நாட்டு ‘லா’ சேர்ப்பவர், ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. பங்கில் அனைவரையும் அதட்டும் உரிமை அவருக்கு உண்டு, நானும் விதிவிலக்கல்ல.

“என்ன அண்ணே, கணினியப் பாத்து ஜெபம் பண்றீங்களா? செய்யணும்னா செஞ்சிடுங்க லா. அந்தப் பிள்ள நிக்கிறான் பாருங்க, ஊசி போட வந்தவன் மாதிரி.”

தம்ப் டிரைவை இரண்டு பைகளிலிருந்தும் உரித்து எடுத்துச் செருகினேன். பெட்டியில் இருந்த மொத்தக் கடிதங்கள் 4,318. திருப்பலியில் கொடுத்த பாட்டுத்தாளின் பின்பக்கம் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டேன். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அக்கா கொடுத்த டீ என் கையிலேயே ஆறியது.

பிறகு தொடங்கினோம்! அன்று வந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர். மற்ற ஐந்து பேருக்கு ஓவர்டைம். தாழ்வாரத்தில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்து உட்கார, நான் புதிய முகவரி உண்டாக்கி, கணினியில் நுழைவு திறந்து, அவருடைய கோப்புறையைப் புதிய பெட்டிக்கு மாற்றினேன். கடவுச்சொல்லை அவரே தட்ட வேண்டும். அந்த நேரம் நான் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன்.

நாலாவது ஆள் நாற்காலியில் இருந்தபடியே வரிசையைப் பார்த்துக் கத்தினார். “டேய், வேளாங்கண்ணிக்கு இங்கிலீசுல எத்தன ‘என்’ எழுத்து போடணும்?”

“மூணுடா!” என்று வரிசையே பதில் சொன்னது.

“தம்பி, அது கடவுச்சொல். ரகசியம்” என்றேன், சுவரைப் பார்த்தபடி.

“மாதா பேருதானே சார், இதுல என்ன ரகசியம்?”

“அப்ப நானும் அதத்தான் போடலாம்னு இருந்தேன்” என்றார் வரிசையில் ஒருவர்.

“நானுந்தான்” என்றார் இன்னொருவர்.

மாதாவை விட்டுவிட்டு வேறு எதையாவது யோசியுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் டீ வடிகட்டியைக் கீழே போட்டார்.

ஆனால் முதல் ஆள் தன் கடவுச்சொல்லைத் தட்டி, தன் பெட்டி மட்டும் திறந்ததைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்ததை நான் மறக்கவில்லை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் இரும்புக் கட்டிலும் ஒரு அலமாரியும்தான் அவருக்குச் சொந்தம். நாற்காலியைத் திரையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, “இது எனக்கு மட்டுந்தானா சார்?” என்று கேட்டார். “உங்களுக்கு மட்டும்” என்றேன். பதினான்கு பேர் பார்த்த அந்தப் பெண் படம் அவருக்கு வந்ததுதான்.

நாலு மணி முப்பத்தைந்துக்கு எல்லா மாற்றமும் முடிந்தது. வராத ஐந்து பேருக்குத் தற்காலிகக் கடவுச்சொல் போட்டு, அவர்களுடையதையும் மாற்றிவிட்டேன். முப்பத்தொரு பெட்டிகளின் எண்ணிக்கைகளையும், எவருடையதும் அல்லாத விளம்பரக் குப்பையையும் பாட்டுத்தாளில் வரிசையாக எழுதிக் கூட்டினேன். நான்காயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு! மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. அதே எண். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளில்கூட ஒரே கூட்டலில் இப்படிக் கணக்கு நேரானது அபூர்வம்.

“ஒண்ணுகூடத் தொலையலை!” என்று எழுந்து நின்று சொன்னேன். கைதட்டினார்கள்.

வெல்டர் கைதட்டவில்லை. தன் புதிய பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அதில் அதே பதினொரு கடிதங்கள்.

“பரவால்ல சார்” என்றார். “நீங்க சரியாத்தான் செஞ்சுருக்கீங்க.”

என் உற்சாகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கு சரி. ஆனால் கணக்குக்குள் அவருடைய கடிதம் இல்லை.

அப்போது இன்னொருவர், ரிக்கர், குடையோடு கிளம்பினார். கப்பலில் பாரம் தூக்குவதற்குக் கயிறும் கொக்கியும் மாட்டுகிற வேலை அவருக்கு. வயது நாற்பத்தெட்டு, டாமிட்டரியில் வெல்டருக்கு அடுத்த கட்டில். அறைக்கு அவர் வருவது டீக்கும் கேரத்துக்கும் மட்டும்தான். கணினிப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

“தம்பி, உங்க பாஸ்வேர்டு மட்டும் பாக்கி” என்றேன்.

“எனக்கு எவன் சார் மெயில் போடுவான்? பொண்டாட்டியே போன்லதான் திட்டுறா. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அடுத்ததுக்கு நனைஞ்சுகிட்டு நிக்கணும்.”

“போட்டுட்டுப் போங்க, ரெண்டு நிமிசம்” என்று அக்கா வாசலை மறித்தார். “அண்ணன் காலைலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்காரு. நீங்க பஸ்ஸுக்கு ஓடுறீங்க!”

நான் சாப்பிட்டிருந்தேன். ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு பெட்டி மட்டும் பூட்டில்லாமல் இருந்தால் அன்றிரவும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

முணுமுணுத்தபடி வந்து உட்கார்ந்தார். ஒரே விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார். பெட்டி திறந்தது. ஒன்பது கடிதங்கள், ஒன்றையும் திறந்ததேயில்லை. அவர் மேலே இருந்த ஒன்றைத் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

“டியர் மிஸ்டர்… என் பேருதான் போட்ருக்கு. உங்களை… பைப் வெல்டரா… சார், இது என்ன கூத்து? நான் கயிறு கட்டுறவன். எனக்கு எதுக்கு வெல்டர் வேல?”

அறையில் கேரம் நின்றது. நான் எழுந்தேனா, தாவினேனா, தெரியாது. கடிதம் அந்தப் பட்டறையிலிருந்து வரவில்லை. அதற்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேறோர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. பட்டறையின் பெயரும் வெல்டரின் சொந்தப் பெயரும் இணைப்பில்தான் இருந்தன. அதனால்தான் தேடியபோது அகப்படவில்லை. ஆனால் ரிக்கருக்கு ஏன் வந்தது?

வெல்டர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “சார்,” என்றார் மெதுவாக, “அது எங்க அப்பா பேரு.”

எனக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அதற்கொரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடப் பயந்து அப்பா பெயரை எழுதுகிறோம். தேர்வுக்குப் படித்த பயிற்சி மையத்துக்கு வெல்டர் தன் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்ததால், அங்கிருந்து வந்த பழைய பதினொரு கடிதங்களும் சரியாக வந்தன. இந்த அலுவலகத்துப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து, குடும்பப் பெயர் என்று நினைத்து அப்பாவை மரியாதையாக விளித்திருக்கிறாள். அப்பாவின் பெயர் ஒரு புனிதரின் பெயர்; அவர்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்கு அது உண்டு. எங்கள் முப்பத்தொரு பேரில் அது ரிக்கர் ஒருவருக்குத்தான். என் விதி பிசகாமல் வேலை செய்து, இரண்டு முறையும் கடிதத்தை அடுத்த கட்டில்காரரிடம் சேர்த்துவிட்டது.

எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையான பாலிகிளினிக்கில் மாதாமாதம் தாதி அழைப்பது என் அப்பாவை. அவர் இறந்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. இன்னும் அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நானும் எழுந்து போய்க் கையை நீட்டுகிறேன்.

ரிக்கர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பஸ் மறந்துபோயிற்று.

“டேய், அப்ப நான் உனக்கு அப்பன்டா! அடுத்த கட்டில்ல வச்சுகிட்டு இத்தன நாளா மரியாத இல்லாம பேசியிருக்கியே!”

“எங்க அப்பா உங்கள மாதிரி கொறட்ட விட மாட்டாரு.”

“அப்பாவ எதுத்துப் பேசாத. வேலை எனக்குத்தான் வந்துருக்கு. குடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்.”

“அண்ணே, சும்மா இருங்கண்ணே. மொதல்ல அத என் பெட்டிக்கு அனுப்புங்க” என்றார் வெல்டர். சிரித்துக்கொண்டும் இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்.

கடிதத்தை வெல்டரின் புதிய பெட்டிக்கு அனுப்பினோம். இணைப்பு மூன்று பக்கம். பிரிண்டரில் கறுப்பு மை காய்ந்துபோயிருந்தது. நீலத்தில்தான் எழுத்து வந்தது. நீல எழுத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று நான் கவலைப்பட்டேன். “கையெழுத்துத்தானே முக்கியம், அண்ணே” என்று அக்கா ஒரு பேனாவை நீட்டினார். அதுவும் நீலம். மூன்று பக்கத்திலும் வெல்டர் கையெழுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். கைபேசியில் படம் எடுத்துக் கணினிக்கு மாற்றி, வெல்டரையே தட்டச் சொன்னேன். இது இன்றுமுதல் என் சொந்த முகவரி, இதற்கு முன் கொடுத்தது பொது முகவரி, இனி இதற்கே எழுதவும் என்று மூன்று வரி. அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவர் விரல் நின்றது.

“அமுக்குடா மகனே” என்றார் ரிக்கர்.

மணி ஐந்து பன்னிரண்டு. அந்தப் புதிய முகவரியிலிருந்து போன முதல் கடிதம் அதுதான்.

அன்றிரவும் எனக்குத் தூக்கமில்லை. நீல எழுத்து கண்ணுக்குள்ளேயே நின்றது. திங்கள் காலை ஏழு மணியிலிருந்து கைபேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அது வேகிற முட்டையா, பார்த்துக்கொண்டே இருக்க?” என்றாள் மனைவி. ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அடித்தது.

“சார், பதில் வந்துருச்சு! டாமிட்டரியிலயே போன்ல பாத்துட்டேன். என் பெட்டி, என் பாஸ்வேர்டு, நானே தொறந்தேன் சார்! வேல பெர்மிட்டு மாத்துறதுக்கு இன்னைக்கே போடுறாங்களாம். டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிட்டாங்க.” பின்னாலிருந்து இன்னொரு குரல் கத்தியது: “அப்பா கேட்டதாச் சொல்லு!”

நான் நாற்காலியிலிருந்து எழுந்து, சமையலறைக்குப் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயரைப் பார்த்துப் பிரிக்கும் விதிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். பொது முகவரிக்கு எது வந்தாலும் இனி நானே கண்ணால் படித்து, உரியவரைக் கேட்டு, அவர் பெட்டிக்கு அனுப்புகிறேன். வாரத்துக்கு ஆறேழுதான் வருகிறது. ஒவ்வொரு வாரமும் குறைகிறது. ஆளுக்கு ஆள் தங்கள் முகவரியை எழுதிக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். மாதாவின் பெயரை யாராவது மறுபடி கடவுச்சொல்லாக மாற்றிக்கொண்டார்களா என்பதை மட்டும் நான் கேட்பதில்லை.

வேலை கிடைத்ததற்கு விருந்து யார் தருவது என்று அன்று பெரிய வழக்கே நடந்தது. வெல்டர் தருவதாகச் சொன்னார். “மகன் காசுல அப்பன் திங்கிறதா?” என்று ரிக்கர் மறுத்துவிட்டார். “மெயில எங்கிட்ட தள்ளிவிட்டது யாரு? சார்தானே? சார்தான் குடுக்கணும்.” அக்கா உடனே தீர்ப்பு எழுதினார்: ஆளுக்கு இரண்டு வடை. தேக்கா சந்தையில் நானே போய் நின்று, பொட்டலம் கட்டும்போது எண்ணி வாங்கினேன். கடைக்காரர் ஒன்று கூடுதலாகப் போட்டார். திருப்பிக் கொடுத்தேன், கணக்கு இடிக்கும்.

என் செலவுக் கணக்கு, டாலரை இங்கே வெள்ளி என்போம்: தம்ப் டிரைவ் பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு. பிரிண்டருக்குக் கறுப்பு மை இருபத்து நான்கு வெள்ளி. எண்பது காசு வீதம் அறுபத்திரண்டு வடை நாற்பத்தொன்பது வெள்ளி அறுபது காசு. ஆக மொத்தம் எண்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு.